அத்திப்பள்ளியில் ஏறிய பெண்

அத்திப்பள்ளி செக்போஸ்டில் டாக்ஸி நின்றபோது இளநீர் வாங்க இறங்கினேன். வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் புருஷன் முனீர் அகமது கண்மேல் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி மாறி ஏறிட்டீங்கம்மா. என் சம்சாரம் இளநி வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க" என்றார்.

முன்சீட்டில் இருந்த அவருடைய அண்ணன் குலாம் முகம்மது சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புதான் வந்தது. சூளகிரி இறக்கத்தில் விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் ஸ்கூட்டரோடு போய் மோதி, மண்டை உடைந்து, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்த மனுஷன், வீட்டுக்குப் போகிற வழியில் தமாஷ் பண்ணுகிறார் என்று அல்லாவுக்கு நன்றி சொன்னேன். இளநீரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கார் கிளம்பியதும், "அண்ணே, ஃபரீதாவ விட்டுட்டுப் போறோமே" என்று கத்த ஆரம்பித்தார். ஓசூர் வந்து சேரும்வரை அந்தக் கத்தல் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முகமெல்லாம் வீங்கி, இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். நினைவு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபரீதா, ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயில வெக்க முடியலடி, மிளகு ரசம் வெச்சுக் கொண்டா" என்று கேட்டவர்தான். கட்டை அவிழ்த்தது கிளம்புகிற அன்றைக்குத்தான். வெளிச்சம் கூசுகிறது என்று அப்போதும் துணியைப் போட்டுக்கொண்டார். இதையெல்லாம் அன்றைக்கு நான் கோத்துப் பார்க்கவில்லை. கோத்துப் பார்க்கிற நிலையிலா இருந்தேன்.

வீட்டில் அவர் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து 'வாடி, போடி' என்று பேசியவர், 'வாங்க, போங்க' என்றார். நான் சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்தால், தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். அந்நியப் பெண் தனியாக இருக்கிற அறையில் ஆண்பிள்ளை நிற்கக்கூடாதாம். படுக்கை கூடத்தில். அறைக்குள் ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். இத்தனை ஒழுக்கமான மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவர் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூர் ரோட்டில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஓசூரில் கம்பெனிகள் பெருக ஆரம்பித்த காலம் அது. கம்பெனிகளோடு போலிச் சாமான்களும் வந்து குவிந்தன. அதே டப்பா, அதே ஸ்டிக்கர், அதே எழுத்து. ஒரிஜினல் எது, டூப்ளிகேட் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. முனீர் பாய் பேரிங்கை விரலில் மாட்டி, ஒரு சுற்று சுற்றிவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காதோரம் வைத்துக் கேட்பார். "இது நம்ம சாமான் இல்ல" என்று அவர் சொல்லிவிட்டால் கிருஷ்ணகிரி வரைக்கும் அதுதான் தீர்ப்பு. கண்ணை நம்புகிறவன் ஏமாறுவான் என்பது அவருடைய பேச்சு.

இப்போது அந்தத் தீர்ப்பை எனக்கு எழுதிவிட்டார். நான் டூப்ளிகேட்.

என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். முன்னால் போய் நின்று, என் முகத்தைப் பாருங்கள் என்றேன். பார்த்தார். மூக்கு, கண்ணோரத்து மச்சம் எல்லாம் அச்சு அசல் அப்படியே இருக்கிறது, எங்கேயிருந்துதான் பிடித்தார்களோ என்றார். நானும் அவரும் மட்டும் அறிந்த சமாச்சாரங்களைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இருண்டது. "அவகிட்டேயே கேட்டு வாங்கியிருக்கீங்க. அவளை என்ன பாடு படுத்தினீங்களோ" என்றார். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. எதிரே நின்று முகம் பார்த்துப் பேசினால்தான் எனக்குப் பேச்சு. குனிந்த தலையோடும் முதுகோடும் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. சோறு வைத்தேன், எடுத்தேன், அவ்வளவுதான்.

சந்தேகம் ஒரு பக்கத்தோடு நிற்கிற பண்டமா? எனக்கும் வந்தது.

அண்ணனை அடையாளம் தெரிகிறது. கடைக்கு வருகிற டிரைவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கிளச் பிளேட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிகிறது. எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியைக்கூடத் தெரிகிறது. தெரியாமல் போனது நான் ஒருத்திதான். மண்டையில் அடிபட்டு மறதி வந்தால் எல்லாம்தானே மறக்க வேண்டும்? ஆளைப் பார்த்து மறக்கிற மறதி எந்த ஊர் மறதி?

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொன்னால் புரியும். இன்னொரு நிக்காஹ் பண்ணிக்கொள் என்று அவர் காதில் ஓதாத சொந்தக்காரர்கள் கிடையாது. இத்தனை வருஷம் எல்லார் வாயையும் அடைத்தவர், இப்போது நல்ல சாக்குக் கிடைத்ததும் நாடகம் ஆடுகிறார் என்று முடிவு கட்டினேன். பெரிய மச்சான் குலாம் முகம்மதுவின் பெண்டாட்டி காத்தூன் அக்காவுக்கு என்மேலேயே சந்தேகம். சோற்றில் நான் எதையோ கலந்து வைத்து அது வேலை செய்யப் போய்த்தான் இப்படி ஆயிற்று என்று, என் காதில் விழும்படியே சொன்னாள். என் தலையணையைப் பிரித்துத் தாயத்து இருக்கிறதா என்று பார்த்ததும் எனக்குத் தெரியும்.

மூன்று மாசம் போல ஆனது. அவர் தெம்பாகிக் கடைக்குப் போகத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்தால் மட்டும் நேரே கடைக்குப் போவதில்லை. எங்கே போகிறார் என்று அண்ணனுக்கும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு வீரலட்சுமிதான் வந்து சொன்னாள். மதுரைப் பக்கத்துப் பெண், அவள் புருஷன் அழகர்சாமி கம்பெனியில் ஃபிட்டர்.

"பாயம்மா, சொல்லலாமா வேணாமான்னு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக ரெண்டு தடவை பெங்களூரு போறப்ப பாத்தாகளாம். அத்திப்பள்ளி பஸ் ஸ்டாண்டுல பாய் நிக்கிறாராம். ஆம்பளைக கூட ஒரு பேச்சுமில்லையாம். பொம்பளைககிட்டயே பேசிக்கிட்டு இருக்காராம்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதுதானா சங்கதி. வீட்டில் தலை குனிகிற ஒழுக்கம் கர்நாடக எல்லை தாண்டினால் நிமிர்ந்துகொள்கிறதா. அன்று முழுக்க அந்தப் பொம்பளை என் கண்முன் நின்றாள். அவளுக்கு உயரம் நானே கொடுத்தேன், நிறம் நானே கொடுத்தேன், தலை நிறையக் கனகாம்பரமும் நானே வைத்துவிட்டேன். செல்லி என்று ஒரு பேர்கூட வைத்தேன். சாயங்காலம் அவர் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்த முகத்தைப் பார்த்தேன். அது யாரோ ஒரு ஆளின் முகமாக இருந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

அந்த வாரமே பெரிய மச்சான் வந்து, வாசல்படியிலேயே நின்றபடி பேசினார். சனிக்கிழமை ஜமாத்துக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், தம்பி உன்னைத் தன் பெண்டாட்டி இல்லை என்கிறான், இப்படியே எத்தனை நாள் ஒரே வீட்டில் இருப்பது, நாகரசம்பட்டிக்கு ஆள் அனுப்பி உன் அத்தாவை வரச் சொல்லியிருக்கிறோம், கொஞ்ச நாள் அங்கே இரு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். 'மற்றது' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அத்தாவின் மாந்தோப்பில் காவலுக்கு ஒரு ஆள் கூடியாச்சு என்று அர்த்தம்.

போகிறதுதான் போகிறேன், அந்தச் செல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை ஜமாத்தின் முன்னால் அவர் நாடகத்தை உடைக்க எனக்கு ஒரு சாட்சி வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டியின் அடியில் கிடந்த பழைய புர்காவை எடுத்து மாட்டி, முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவர் வந்தார். கர்நாடகா பஸ்ஸில் ஏறினார். நானும் ஏறிப் பெண்கள் பக்கம் முன்னால் உட்கார்ந்தேன். கறுப்புத் துணிக்குள் யார் இருந்தால் யாருக்கு என்ன தெரியும். எப்போதும் திரும்பியே பார்க்காத மனுஷனிடமிருந்து ஒளிவதற்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லைதான்.

அத்திப்பள்ளியில் இறங்கினார். நான் சோடாக்கடை மறைவில் நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டார். கீரை விற்கிற கிழவியிடம் போனார், குனிந்து காட்டினார், கன்னடத்தில் ஏதோ கேட்டார். அவள் கையை விரித்தாள். குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணிடம் போனார். அவளும் தலையாட்டினாள். பூக்காரி. காலேஜ் பெண்கள் இரண்டு பேர், இவர் வருவதைப் பார்த்தே நகர்ந்துவிட்டார்கள். ஒரு ஆண்பிள்ளை வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டபோது மட்டும் கையை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு தலையைத் திருப்பினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்லி எங்கே? எவளும் இவரைத் தெரிந்தவளாகத் தெரியவில்லை. வெயிலில் ஒவ்வொருத்தியாகப் போய்ப் போய்த் திரும்புகிற அந்த நடையில் காதலன் ஒருவனையும் காணோம்.

யோசித்துக்கொண்டே மறைவைவிட்டு வெளியே வந்திருக்கிறேன். அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார். தலையைக் குனிந்தபடியே கையை நீட்டினார். உள்ளங்கையில் இருந்தது, கல்யாணமான புதிதில் மைசூர் போனபோது ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. என் பாதி மட்டும் தெரியும்படி மடித்துக் காட்டினார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது என் சம்சாரம். இங்கதான் இளநி வாங்க எறங்கினா, திரும்பி வரல. போட்டோவ ஆம்பளைங்ககிட்ட காட்ட மனசு வரல, அதான் பொம்பளைங்களா பாத்துக் கேக்கறேன். இவளைப் பாத்தீங்களா?"

என்ன சொல்ல? அழுகை வரும் என்று பார்த்தால், வந்தது என் வழக்கமான கோபம்.

"பாத்தேன். தெனம் கண்ணாடியில பாக்கறேன்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. கண்ணை மூடினார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கடையில் பேரிங்கைச் சுற்றிவிட்டுக் காதோரம் வைக்கும்போது அப்படித்தான் சாய்ப்பார்.

"இன்னொரு தடவை பேசு" என்றார்.

"என்னத்தப் பேசறது? மூணு மாசமா வீட்ல ஒரு பொம்பளை செத்துக்கிட்டு இருக்கேன், நீங்க இங்க வந்து போட்டோ காட்டறீங்க."

"ஃபரீதா" என்றார். கண்ணைத் திறக்காமலே அழுதார். "எங்கடி போனே? எத்தன நாள் தேடறேன் தெரியுமா?"

அந்த 'டி'யைக் கேட்டதும் பஸ் ஸ்டாண்ட், வெயில், ஜனம் எல்லாவற்றையும் மறந்து முகத்திரையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டு, "நான்தாங்க, எங்கேயும் போகல, பாருங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கதவைச் சாத்தினாற்போல முகம் மூடிக்கொண்டது. இரண்டடி பின்னால் போனார்.

"நீங்களா? இங்கேயும் வந்துட்டீங்களா?" என்றார். பிறகு அக்கம்பக்கம் தேடினார். "இப்பத்தான் பேசினா. அவளை என்ன பண்ணீங்க?"

சத்தம் கேட்டு ஆட்கள் கூடினார்கள். செக்போஸ்ட் போலீஸ்காரர் ஒருவர் லத்தியோடு இந்தப் பக்கம் நடந்து வந்தார். இத்தனை பேரும் என் முகத்தையே வேடிக்கை பார்க்கிறார்களே என்று எனக்கு உறைத்தது. திரையை இழுத்து இறக்கிக்கொண்டு, "ஏங்க, வாங்க போயிடலாம், எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

அவர் சடாரென்று என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபரீதா, இப்ப அந்தப் பொம்பளை இங்க நின்னா. பாத்தியா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஆனால் விளங்கிவிட்டது. அவர் நடிக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் என் கையை விடவில்லை. நானும் திரையைத் தூக்கவில்லை.

சனிக்கிழமை ஜமாத்துக்காரர்கள் வந்தார்கள். நான் திரையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். இவள்தான் என் பெண்டாட்டி என்று அவரே சத்தியம் செய்தார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, குலாம் முகம்மதுவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாகரசம்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தாவும் ஒரு கூடை மாங்காயை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் பெங்களூர் போய், தலையைத் தைத்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் எங்களை மூளை சம்பந்தமான இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அந்த ராஜப்பன் டாக்டர் இரண்டு மணி நேரம் கேட்டார். என்னைத் திரையைப் போடச் சொல்லிப் பேசவிட்டார், எடுக்கச் சொல்லிப் பேசவிட்டார். பிறகு என் புருஷனை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னிடமும் கூட வந்திருந்த பெரிய மச்சானிடமும் சொன்னார்.

ஒருவரைப் பார்த்ததும் மூளையில் இரண்டு வேலை நடக்கிறதாம். ஓரிடம், இது இன்னாருடைய முகம் என்று சொல்கிறது. வேறோர் இடம், இது உன் ஆள் என்று உள்ளுக்குள் ஒரு சூட்டை எழுப்புகிறது. அடிபட்டதில் கண்ணிலிருந்து அந்த இரண்டாவது இடத்துக்குப் போகிற வழி அறுந்திருக்கும் என்று தோன்றுகிறது, காதிலிருந்து போகிற வழி வேறு, அது பிழைத்துக்கொண்டது என்றார். அறுந்ததைத் தைக்க முடியாது, தானாகக் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்துப் பிரியம் ஒரு ஒயரில் ஓடுகிற சமாச்சாரமா? நெஞ்சுக்கு இதில் வேலையே இல்லையா என்று கேட்டேன். நெஞ்சு படபடப்பதுகூட மேலேயிருந்து உத்தரவு வந்தால்தான் என்றார். சரி, சூடு வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, நான் வேறு ஆள் என்று ஏன் கதை கட்ட வேண்டும் என்றேன்.

"மூளைக்குக் காரணம் இல்லாம இருக்க முடியாதும்மா. பெண்டாட்டியப் பாக்கறோம், ஒண்ணும் தோணல, ஏன்? அப்போ இவ அவ இல்ல. அதுவே ஒரு கதையக் கட்டி, அதுவே நம்பிடும்" என்றார்.

சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே அவர் முகத்தைப் பார்த்து எனக்கும் ஒன்றும் தோன்றாமல் போன அந்தச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. என் மண்டையில் ஒரு கீறல்கூட இல்லை. செல்லியையும் அவள் தலைப் பூவையும் யார் கட்டியது?

பெரிய மச்சான் ஒரு கேள்வி கேட்டார். "நாங்களெல்லாம் இருக்கோமே டாக்டர், எங்களைத் தெரியுதே. இவளை மட்டும் ஏன்?"

"உங்களைப் பாத்தா அவருக்கு அடிபடறதுக்கு முன்னாடியும் பெரிசா ஒண்ணும் பொங்கியிருக்காது. அதனால கொறஞ்சது தெரியல. இந்தம்மாவப் பாத்தா பொங்கும். அதான் இல்லைங்கறது உடனே தெரிஞ்சுடுச்சு."

பெரிய மச்சான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார். எனக்குத் திரைக்குள் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளாக என்னை எரித்த அவமானம், அவர் என்மேல் வைத்திருந்த பிரியத்தின் அளவாம். அதைச் சொல்ல அவர் ஒரு லாரியில் போய் மோத வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு நடப்பு தலைகீழாகிவிட்டது. ஊரில் உள்ள பெண்கள் வெளியே போனால் முகத்தை மூடுவார்கள், வீட்டுக்கு வந்து புருஷன் முன்னால் திறப்பார்கள். நான் சந்தைக்கு, ரேஷன் கடைக்குத் திறந்த முகத்தோடு போய்விட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்திரையை இறக்கிக்கொள்வேன். புகையிலும் வேர்வையிலும் அந்தத் துணிக்குள்ளேயே சமைப்பேன். வீரலட்சுமி முதல்நாள் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள், அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜமாத்தில் யாரோ முறைப்பாகக் கேட்டபோது பெரிய மச்சானே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அவர் கூடத்துப் படுக்கையைச் சுருட்டி அறைக்குள் கொண்டுவந்து போட்டார். பழையபடி வாடி போடிதான். மிளகு ரசத்தில் உப்புக் குறை என்று சண்டைகூடப் போடுகிறார். நான் பழைய கோபக்காரியாக வாயாடுகிறேன். நான் பேசும்போதெல்லாம் அவர் தலை ஒரு பக்கம் சாய்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டார்.

"அந்தப் பொம்பளை இப்ப வர்றதில்ல, பாத்தியா?"

"எந்தப் பொம்பளை?" என்றேன், தெரியாதவள் போல.

"உன்ன மாதிரியே ஒருத்தி இருந்தாளே. நீ இல்லாதப்ப சோறு போட்டா. பாவம், கெட்டவ மாதிரி தெரியல. என் எதிர்ல வந்து வந்து நின்னு, என் முகத்தப் பாருங்க, பாருங்கன்னு கேப்பா. நான்தான் சரியா பாக்கவே இல்ல" என்றார். தட்டில் சோற்றைப் பிசைந்தார். "எங்க போனாளோ. எங்கயாச்சும் பாத்தா, நல்லா இருக்கியான்னு கேளு."

கேட்கிறேன் என்று சொன்னேன். ரசம் எடுத்துவருவதாகச் சொல்லிச் சமையல்கட்டுக்குள் போனேன். கதவை ஒருக்களித்துவிட்டுத் திரையைத் தூக்கினேன். தண்ணீர்ப் பானை மூடியில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நல்லா இருக்கியா என்று அவளைக் கேட்டேன். முகத்தைத் துடைத்துவிட்டு, திரையை இறக்கிக்கொண்டு, ரசத்தை எடுத்துப் போனேன்.